சாமந்திக்கு இருட்டு வேண்டும்

எங்கள் வீட்டில் இருட்டு என்ற ஒன்று கிடையாது. ஈஜிபுராவில் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையுமாக நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டின் ஜன்னலுக்கு நேர் எதிரே தெருவிளக்கு. சாயங்காலம் பற்றிக்கொண்டால் விடியும்வரை எங்கள் சுவரை மஞ்சளாக்கிக்கொண்டே இருக்கும். அது கண்ணை மூடினாலும் எதிர்வீட்டு டி.வி., கீழ்வீட்டு பாத்ரூம் பல்பு, தெருமுனை மருந்துக்கடைப் பலகை என்று வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. ஒன்பது வயதுவரை நான் முழு இருட்டைப் பார்த்ததே இல்லை. பார்க்காததற்குத்தான் மனிதர்கள் அதிகம் பயப்படுவார்கள் போலிருக்கிறது. தெருவோடு கரெண்ட் போய்ப் பாதி இருட்டான ராத்திரிகளிலேயே நான் போட்ட கூச்சலைக் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர்கள் மெழுகுவத்தியோடு மாடியேறி வந்திருக்கிறார்கள்.

“மத்த நேரத்துல ஊரையே வித்துட்டு வந்துடுவா. கரெண்ட் போனா மட்டும் என் முந்தானைய விடமாட்டா” என்று அம்மா வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அப்பா முடித்துவைப்பார். எனக்குப் பேய்மேல் பயம் இல்லை. இருட்டில் நானே காணாமல் போய்விடுவேனோ என்றுதான் பயம். அதை எடுத்துச் சொல்லத் தெரியாததால், பேய்க்குப் பயந்தவள் என்ற பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் தசரா லீவுக்கு மாமா என்னைக் கூட்டிப்போக வந்தார். அம்மாவின் தம்பி, டெம்போ டிரைவர். கல்யாணம் ஆன ஆறாம் மாதம், யார் பேச்சையும் கேட்காமல், ஆனேக்கல்லைத் தாண்டி ஒரு கவுடரிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாமந்தி போட்டிருந்தார். நாற்று எது புல் எது என்று தெரியாதவன் விவசாயம் பண்ணப் போகிறான் என்று எங்கள் சொந்தத்தில் சிரிக்காதவர்கள் இல்லை. இந்தப் போகம் தேறாவிட்டால் நிலத்தை விட்டுவிட்டு ஈஜிபுராவுக்கே திரும்பிவரவேண்டும். அதற்குப் பிறகு சாகும்வரை அவரைச் சாமந்தி என்றே கூப்பிடுவார்கள். மாமாவுக்கு அது நன்றாகவே தெரியும்.

நான் வர மறுத்தேன். பட்டிக்காட்டில் இருட்டாக இருக்கும் என்று காரணமும் சொன்னேன்.

“இருட்டா? எங்க வயல்ல ராத்திரிக்கு வந்து பாரு. கல்யாண மண்டபம் தோத்துது” என்றார் மாமா.

மாமா சும்மா அளக்கிறவர்தான். ஆனால் அன்று அவர் சொன்னது நிஜம். வயலில் கம்பு நட்டு, கம்பி இழுத்து, ஐந்து வரிசையாக வெள்ளை பல்புகள் தொங்கவிட்டிருந்தார். ராத்திரி எல்லாம் அவை எரியும். சாமந்திக்கு ஒரு குணம் உண்டு. ராத்திரி நீளமாக இருந்தால் செடி சாண் உயரத்தில் இருக்கும்போதே மொட்டு வைத்துவிடும், பூவும் சுண்டிப்போகும். அதனால் இளஞ்செடியாக இருக்கும்போது ராத்திரியில் விளக்குப் போட்டு, இன்னும் பொழுது சாயவில்லை என்று அதை நம்பவைப்பார்கள். முழங்கால் உயரம் வந்ததும் விளக்கை அணைத்துவிடவேண்டும். அதிலிருந்து இரண்டு மாதத்தில் வயல் மொத்தமும் ஒரே நேரத்தில் பூக்கும். மாமாவின் கணக்கு கார்த்திகைக் கல்யாணங்கள். மார்கழி பிறந்துவிட்டால் முகூர்த்தம் இல்லை, பூவைச் சீண்ட ஆளும் இல்லை.

செடியை ஏமாற்றப் போட்ட வெளிச்சத்தில் நான் நான்கு நாள் ராணி மாதிரி உலாவினேன்.

வீடு என்பது வயலின் ஓரத்தில் ஷீட் போட்ட ஓர் அறை. கக்கூஸ் வயலின் அந்தக் கோடியில். இரண்டுக்கும் நடுவே வயலைப் பிளந்துகொண்டு ஒரு வரப்பு. அதற்கு மேலேதான் மூன்றாவது வரிசை விளக்கு. மாமா ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் டெம்போவை எடுத்துக்கொண்டு போய்விடுவார். சுற்றுவட்டாரப் பூவையெல்லாம் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் மார்க்கெட்டில் இறக்கவேண்டும். திரும்பி வரக் காலை எட்டு மணி ஆகும். அதுவரை வயலில் நானும் அத்தையும்தான்.

அத்தைக்கு அப்போது இருபது வயது. பிரேசர் டவுனில் ஒரு பின்சந்தில் பிறந்து வளர்ந்தவள். ஓர் அறையில் ஏழு பேர் படுத்த குடும்பம். இங்கே வருவதற்கு முன்னால் தனியாகக் குளித்ததுகூட இல்லை, கதவுக்கு வெளியே யாராவது ஒரு தங்கச்சி நின்று பேசிக்கொண்டே இருப்பாள் என்று சொல்லிச் சிரித்தாள். என்மேல் உயிராக இருந்தாள். நான் போகுமிடமெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவாள். அவள் கை எப்போதும் ஈரமாக இருக்கும். பாத்திரம் கழுவிவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். கக்கூசுக்கு அவள் போகும்போது நான் வெளியே நின்று வாய்ப்பாடு சொல்லவேண்டும். நிறுத்தினால் உள்ளேயிருந்து, “ஏழெட்டு? ஏன்டி நிறுத்திட்ட, ஏழெட்டு எத்தினி?” என்று குரல் வரும். என் கணக்குப் பாடத்தில் இவ்வளவு அக்கறை எங்கள் டீச்சருக்குக்கூட இருந்ததில்லை.

ஐந்தாம் நாள் மகாளய அமாவாசை. மாமா எதையும் நல்ல நாள் பார்த்துத்தான் செய்வார். நிறைந்த அமாவாசையில் விளக்கை அணைப்பது என்று முடிவு செய்திருந்தார். இருட்டுக்குப் பயந்த ஒரு பிள்ளைக்கு அதைவிடக் கெட்ட நாளைத் தேடினாலும் கிடைக்காது.

“இன்னிலேர்ந்து பொட்டு வெளிச்சம் கூடாது. வாசல் பல்பு கூடாது. ஜன்னலுக்கு இன்னும் கதவு வெக்கல, அதனால படுத்தாச்சுன்னா உள் லைட்டும் கூடாது. சாமந்திக்கு இருட்டு வேணும். கேட்டுச்சா?” என்று எங்கள் இருவரையும் பார்த்துச் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்த ஒரே டார்ச்சையும் டெம்போவில் போட்டுக்கொண்டு போனார்.

உள்விளக்கை அத்தை அணைத்தாள். கையை முகத்துக்கு நேரே நீட்டிப் பார்த்தேன். கை இல்லை. அத்தையின் இடுப்பை இறுகக் கட்டிக்கொண்டு எப்படியோ தூங்கிவிட்டேன். நடுராத்திரியில் அடிவயிறு முட்டிக்கொண்டு விழிப்பு வந்தது. அத்தையை எழுப்பலாம். எழுப்பினால் வருவாள், ஆனால் இருட்டில்தான் வருவாள். எனக்கு வேண்டியது அத்தை இல்லை, வெளிச்சம். கதவோரம் ஐந்து வரிசைக்கும் ஐந்து சுவிட்ச் இருந்தது. சுவரைத் தடவி, விரலால் எண்ணி, மூன்றாவதைத் தட்டினேன்.

வரப்பு முழுக்க வெளிச்சம். ஓடிப்போய் ஓடிவந்தேன். அணைக்கத்தான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் ஜன்னல் வழியாக வெளிச்சம் சுவரில் விழுந்து கிடந்தது ஈஜிபுரா மாதிரியே இருந்தது. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அணைக்கலாம் என்று படுத்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். காலையில் அலறியடித்து எழுந்து பார்த்தால் சுவிட்ச் அணைந்திருந்தது. தூக்கத்தில் நானே அணைத்திருப்பேன் என்று எடுத்துக்கொண்டேன். குற்றம் செய்தவர்களுக்கு இந்த மாதிரி அதிருஷ்டத்தைத் துருவிப் பார்க்கிற வழக்கம் இல்லை. மறுநாள் ராத்திரியும் அதையே செய்தேன். மறுநாள் காலையிலும் சுவிட்ச் அணைந்தே இருந்தது.

மூன்றாம் ராத்திரி நான் கக்கூசுக்குள் இருக்கும்போது கரெண்ட் போயிற்று.

கதவிடுக்கில் வந்துகொண்டிருந்த வெளிச்சம் சட்டென்று இல்லாமல் போனது. தாழ்ப்பாளைத் தேடி, கிடைக்காமல், கிடைத்து, வெளியே வந்து பார்த்தால் வயல் இல்லை, வீடு இல்லை, என் கால்கூட இல்லை. “அத்தே!” என்று கத்தினேன். ஈஜிபுராவில் கத்துவதெல்லாம் ஒரு கத்தலா? இது அடிவயிற்றிலிருந்து வந்தது. பதிலுக்கு இன்னொரு கத்தல் கேட்டது. “வரேன்டி! அங்கயே நில்லு! வந்துட்டேன்!” என்று சொல்லிக்கொண்டே அத்தை ஓடிவருகிற சத்தம். நடுவில் தொப்பென்று எங்கோ விழுந்தாள். எழுந்தாள். மறுபடி ஓடிவந்தாள். முட்டிவரை சேறும் வாயில் மூச்சுமாக வந்து என்னைக் கட்டிக்கொண்டபோது அவள் உடம்பு வெடவெடவென்று ஆடியது. விழுந்ததில் நல்ல அடி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வீடு எந்தப் பக்கம் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. கட்டிக்கொண்டபடியே வரப்பில் உட்கார்ந்துவிட்டோம். பிறகு நான்தான் முதலில் பார்த்தேன். தூரத்தில் வானத்தின் அடிப்பக்கம் இளஞ்சிவப்பாக வெளுத்திருந்தது.

“அத்தே, விடிஞ்சிருச்சு.”

அத்தை திரும்பிப் பார்த்தாள். “விடியலடி. அது பெங்களூரு.”

எனக்கு நம்பவே முடியவில்லை. எங்கள் தெருவிளக்கும், மருந்துக்கடைப் பலகையும், ஊரில் உள்ள அத்தனை பல்பும் சேர்ந்து இவ்வளவு தூரத்துக்கு அவ்வளவுதானா? அது எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் வீடு எந்தப் பக்கம் என்று புரிந்தது. புரிந்த பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. கண் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டு வந்தது. முதலில் செடிகளின் தலை தெரிந்தது. பிறகு வரப்பு. பிறகு அத்தையின் மூக்குத்தி. அண்ணாந்து பார்த்தபோது, அம்மாடி, வானம் முழுக்க நட்சத்திரம்! ரவையைக் கொட்டிவிட்டு யாரோ கூட்டி அள்ள மறந்த மாதிரி இருந்தது. சொட்டுநீர்க் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. தவளைகள் கத்தின, நாங்கள் அசைந்தால் நிறுத்தின, அசையாமல் இருந்தால் மறுபடி ஆரம்பித்தன. கையில் இலை உரசி, பகலில் ஒரு நாளும் வராத கசப்பு வாசனை வந்தது. அப்புறம் ஓசூர்ப் பக்கம் போகிற ரயில் ஒன்று, ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம் கட்டிக்கொண்டு, வெகுதூரத்தில் போயிற்று. அதில் இருப்பவர்களுக்கு நம்மைத் தெரியாது, நமக்கு அவர்களைத் தெரிகிறது என்று அத்தை சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உயிர்போகிற மாதிரி கத்திய இரண்டு பேர், சேற்றோடு உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் காணாமல் போகவில்லை. இருட்டு என்னை ஒன்றும் செய்யவில்லை.

அதன்பிறகு நான் சுவிட்ச் பக்கமே போகவில்லை. அடுத்த ஐந்து ராத்திரியும் மாமாவின் டெம்போ சத்தம் ஓய்ந்ததும் நாங்களே வெளியே வந்துவிடுவோம். வரப்பில் கோணி விரித்து, ஒரு சொம்பில் வேகவைத்த கடலைக்காயும் ஆளுக்கொரு போர்வையுமாக உட்காருவோம். வெறுங்காலில் கண்ணை மூடிக்கொண்டு நடந்து, மண் காய்ந்திருந்தால் வரப்பு, சில்லென்றிருந்தால் பாத்தி என்று காலாலேயே வழி கண்டுபிடிப்பது எங்கள் விளையாட்டு. தோற்றவர் கடலைத்தோலைப் பொறுக்கவேண்டும். இருட்டில் அத்தைக்கு வயது குறைந்துவிடும். அவள் சந்தில் ரம்ஜான் நோன்பு மாதத்தில் விடிய விடியக் கடை திறந்திருப்பதையும், தங்கச்சிகளோடு போய் சமோசா வாங்கித் தின்றதையும் சொல்லுவாள். ஒருநாள் ஆந்தை ஒன்று கம்பத்தில் வந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. நாங்களும் அதைப் பார்த்தோம். யாருக்கும் பயமில்லை. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமான ராத்திரிகள் மறுபடி வந்ததில்லை.

ஆயுதபூசைக்கு நான் ஊருக்கு வந்தாகவேண்டும். அப்பாவின் ஆட்டோவுக்கு வாழைக்கன்று கட்டுவதும் பொரி கொடுப்பதும் என் பொறுப்பு. பஸ் ஸ்டாப்பில் அத்தை, “ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்டி. ஸ்கூலு தெறக்க இன்னும் நாள் இருக்குதே” என்றாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னாள். ஆட்டோவைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஊருக்கு வந்து நான் அடித்த தம்பட்டத்துக்கு அளவில்லை. அடுத்த தடவை கரெண்ட் போனபோது மெழுகுவத்தியோடு வந்த கீழ்வீட்டுக்காரர்களை வாசலிலேயே நிறுத்தி, வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். தனியாக மொட்டைமாடிக்குப் போய் நட்சத்திரம் எண்ணினேன். பதினொன்றுதான் தெரிந்தது.

கார்த்திகை பாதியில் மாமா எங்களை அழைத்தார். முதல் பூவை அக்கா கையால்தான் பறிக்கவேண்டும் என்பது அவர் நம்பிக்கை, அம்மாவுக்குக் கைராசி. ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அம்மாவும் போய் இறங்கினோம். வயல் முழுக்க மஞ்சள். பார்த்த கண்ணை எடுக்க முடியவில்லை. அந்த மஞ்சளுக்கு நடுவில், வீட்டு வாசலிலிருந்து கக்கூஸ்வரை, ரோடு போட்ட மாதிரி ஒரு பச்சைப் பட்டை. வரப்புக்கு இரண்டு பக்கமும் செடிகள் இடுப்புயரம் வளர்ந்து, இலையாகக் கொழுத்து, பெயருக்கு ஒரு மொட்டுகூட இல்லாமல் நின்றன. பட்டையின் ஓரங்களில் பட்டாணி அளவு மொட்டு. அதற்கப்பால் பூ.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், முழுச் சாமந்திப் பாத்தியை எங்கே கொண்டுபோய் மறைப்பது? மாமாவோ நாற்றுக்காரன் நாற்றை மாற்றிக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்று குதித்துக்கொண்டிருந்தார். “நாளைக்குப் போய் அவன் சட்டையப் புடிக்கிறேனா இல்லையா பாருக்கா” என்று அம்மாவிடம் கறுவினார். என்னால் ஒரு பாவப்பட்ட மனுஷன் அடிவாங்கப் போகிறான். மாமா போட்ட சாமந்தியில் ஐந்தில் ஒரு பங்கு என்னால் போயிற்று.

அந்த நேரம் பார்த்து நிலத்துக்காரக் கவுடர் வந்தார். பட்டையைக் குனிந்து பார்த்தார். அண்ணாந்து அதற்கு நேர்மேலே தொங்கிய பல்புகளைப் பார்த்தார். நாற்று நல்ல நாற்றுதான், ராத்திரியில் இந்த ஒரு வரிசைக்கு மட்டும் விளக்குப் போட்டது யார் என்று கன்னடத்தில் அமைதியாகக் கேட்டார்.

மாமா எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். ஆனால் சத்தம் அத்தையிடமிருந்து வந்தது.

“நான்தான் போட்டேன்.”

“எத்தினி நாளு?”

“நீ டெம்போ எடுத்துகினு போன எல்லா நாளும்.” தலையைக் குனிந்துகொண்டாள். “ஒரு லைன்தானேன்னு நெனச்சேன்.”

அம்மா என்னவோ சொல்ல வந்தாள். மாமா கையைக் காட்டி நிறுத்தினார். பச்சைப் பட்டையின் நடுவே கக்கூஸ்வரை நடந்துபோனார். அங்கே கொஞ்சநேரம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். திரும்பி வந்தபோது அடிக்கப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“சொல்லியிருக்கலாம்ல” என்றார். அவ்வளவுதான். அதையும் ரகசியம் மாதிரி சொன்னார். பிறகு அம்மாவிடம் கூடையைக் கொடுத்துப் பறிக்கச் சொன்னார்.

நான் அத்தையின் பின்னாலேயே போய், அவள் குனிந்து பறிக்கும்போது காதோரம் சொன்னேன்: “நான் போட்டத நீ போட்டதா சொல்லிட்டியே அத்தே. என்னக் காப்பாத்திட்ட.”

அத்தை என்னைப் பார்த்தாள். அழுதிருந்தாள். “நீ போட்டது ரெண்டு மூணு ராத்திரிதானேடி. காலைல நான்தானே எழுந்து ஆஃப் பண்ணேன். அதுக்கெல்லாம் இப்டி ஆவாது” என்றாள்.

என்ன ஒரு அத்தை! நான் மனசு உடைந்துபோகக் கூடாதே என்று ஆறுதல்கூட எவ்வளவு அழகாகச் சொல்கிறாள் என்று நெகிழ்ந்துபோனேன்.

நான்கு பாத்திப் பூவும் கார்த்திகைக் கல்யாணங்களுக்குப் போய்ச் சேர்ந்து மாமாவைக் காப்பாற்றிவிட்டது. அவரை யாரும் சாமந்தி என்று கூப்பிடவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே அவர் யாருக்கோ போன் செய்து, இனி ராத்திரி லோடுக்கு வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதன்பிறகு ஒரு ராத்திரிகூட அவர் வெளியே தங்கவில்லை. அத்தையை நம்பாமல் சுவிட்ச் போர்டுக்குக் காவல் இருக்கிறார் என்று எனக்கு அவர்மேல் கோபமான கோபம். இரண்டு வருஷம் அவரோடு சரியாகப் பேசவில்லை.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது, அடுத்த லீவுக்கு வந்து மறுபடி அத்தையோடு வரப்பில் உட்காரவேண்டும், இத்தனை நல்லவளுக்கு இந்தத் தடவை ஆந்தையைக் கிட்டத்தில் காட்டவேண்டும் என்று திட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். இருட்டுக்குப் பயந்த பிள்ளை நானில்லை, அந்தக் கதை முடிந்துவிட்டது என்று அத்தனை பெருமை எனக்கு. ஆயுதபூசைக்கு நான் பஸ் ஏறிப்போன அன்று ராத்திரி, டெம்போ சத்தம் ஓய்ந்த பிறகு, அந்த இருட்டில் அத்தை யாரோடு உட்கார்ந்திருப்பாள் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.